புற்றுநோய்த் தடுப்பில் முனைவர் பட்டம்: புள்ளியியலா, களப்பணியா?

கேள்வி (முதலாண்டு ஆய்வு மாணவி):
கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியிருக்கிறேன். உயிரியல் படித்து வந்த நான் முதலில் புள்ளியியலைக் கற்க வேண்டுமா, களத்துக்குப் போக வேண்டுமா?

மறுமொழி (நோய்ப்பரவலியல் ஆசிரியர்):
திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்து, 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வை வரிவரியாகப் படியுங்கள். 30 முதல் 59 வயதுவரையுள்ள பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, நோய்க்கு முந்தைய மாற்றத்தைக் காட்டக்கூடிய வெண்திட்டு தோன்றுகிறதா என்று பார்த்த அந்த எளிய சோதனையால், சோதனைக்கு அழைக்கப்படாத பகுதிகளோடு ஒப்பிடுகையில், இந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது. தனிநபர்களை அல்லாமல் ஊர்த்தொகுதிகளையே குலுக்கல் முறையில் பிரித்திருக்கிறார்கள். ஒரே தொகுதியில் வாழ்வோர் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள் என்பதைக் கணக்கில் கொள்ளாமல் மாதிரி அளவை, அதாவது எத்தனை பேரை ஆய்வில் சேர்ப்பது என்பதை, முடிவுசெய்ய இயலாது. களத்தை அறியாதவருக்கு இந்தக் கணக்கு பிடிபடாது.

மறுமொழி (முன்னாள் ஆய்வு மாணவி):
ஐயா சொல்வது மிகச் சரி. என் வினாநிரலில் ‘பரிசோதனைக்கு ஏன் வரவில்லை?’ என்றிருந்தது, குற்றம் சாட்டுவதுபோல் ஒலித்ததால் பெண்கள் வாய்திறக்கவில்லை. உடன்வந்த கிராம சுகாதாரச் செவிலியர், ‘அன்னைக்கு என்னம்மா வேலை இருந்துச்சு?’ என்று மாற்றிக் கேட்ட பிறகுதான், ஒருநாள் கூலி போய்விடும் என்ற உண்மையான விடை வந்தது. தங்கையே, வினாநிரலை அச்சிடும் முன் அப்படிப்பட்ட ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

கேட்டவர்:
நன்றி ஐயா, நன்றி அக்கா. வரும் வாரமே துணைச் சுகாதார நிலையத்துக்குப் போகிறேன்.