விற்றுவிட்ட கார் இன்னும் என் செயலியில் நிற்கிறது: இணையக் கார்கள் நம்மைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ளலாம்?

வழிப்போக்கன்:
பதினான்கு மாதங்களுக்கு முன்பு விற்றுவிட்ட என் காரை, கடந்த வாரம் என் கைபேசியில் மீண்டும் பார்த்தேன். இடம் போதாமல் பழைய செயலிகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருந்தபோது அந்தக் காரின் செயலி கண்ணில் பட்டது. நீக்குவதற்கு முன் ஒருமுறை திறந்து பார்த்தேன். வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி தெரிந்தது. கார் எந்தத் தெருவில் நிற்கிறது, எரிபொருள் எவ்வளவு மீதமிருக்கிறது, கதவுகள் பூட்டியிருக்கின்றனவா என்பதெல்லாம் வரிசையாக வந்தன. கதவைத் திறக்கும் பொத்தானும் பழைய இடத்திலேயே இருந்தது. அதை நான் தொடவில்லை. ஆனால் தொட்டிருந்தால், முன்பின் பழக்கமில்லாத ஒருவருடைய வீட்டு வாசலில் அவருடைய காரின் கதவு திறந்திருக்கும்.

இதை எந்த அடிப்படையில் எனக்குக் கொடுத்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். டெலிவரி எடுத்த நாளில் நான் காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, ஷோரூம் ஊழியர் என் கைபேசியை வாங்கிச் செயலியை நிறுவி, "ஒப்புக்கொள்கிறேன்" என்று இருந்த இடங்களையெல்லாம் அவரே அழுத்தித் திருப்பித் தந்தார். அவர் உதவியாகத்தான் செய்தார். எனினும் அந்த ஒப்புதல் என்னுடையது அன்று. இன்று அந்தக் காரை ஓட்டுபவருடையதும் அன்று. யாருமே படித்துக் கொடுக்காத ஒப்புதலின் பேரில் ஒரு மனிதரின் போக்குவரத்து முழுவதும் பதிவாகிக்கொண்டிருப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. இதைப் பற்றி இங்கே விவாதிக்க விரும்புகிறேன்.

திருகாணி:
உங்களுக்கு நேர்ந்தது தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் விற்கும்போது கணக்கிலிருந்து காரை நீக்க வேண்டியது விற்பவரின் வேலை. வீட்டை விற்றுவிட்டுச் சாவியைப் பையிலேயே வைத்துக்கொண்டு, பூட்டைச் செய்தவரைக் குறை சொல்ல முடியாது.

நான் இருபது ஆண்டுகளாகப் பழுதுபார்க்கும் பட்டறை நடத்துகிறேன். இணைய வசதி வந்த பிறகு வண்டிகள் எவ்வளவு தப்பித்திருக்கின்றன என்பதைக் கண்ணால் பார்க்கிறேன். ஒரு வாடிக்கையாளரின் வண்டியில் குளிர்விப்பு நீர் மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. இன்ஜின் சூடாவதைச் செயலி எச்சரித்ததால் அவர் அன்றே கொண்டுவந்தார். இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கும். 2018-இல் டெஸ்லா மாடல் 3 காரின் பிரேக்கைச் சோதித்த அமெரிக்க நுகர்வோர் இதழ் ஒன்று, மணிக்கு 60 மைல் வேகத்தில் நிற்க 152 அடி தேவைப்படுகிறது என்று குறை கூறியது. நிறுவனம் இணையம் வழியாகவே மென்பொருளைத் திருத்தி அனுப்பியதும் அதே கார் 133 அடியில் நின்றது. பத்தொன்பது அடி என்பது ஓர் உயிரின் அளவு. யாரும் பட்டறைக்குக்கூட வரவில்லை. இத்தனைக்கும் சட்டைப் பையில் கைபேசியை வைத்துக்கொண்டுதான் நாம் காரில் ஏறுகிறோம். அது அறியாத எதைக் கார் புதிதாக அறிந்துவிடப் போகிறது?

வழிப்போக்கன்:
பிரேக் திருத்தத்தை நான் முழு மனதுடன் வரவேற்கிறேன். ஆனால் அந்த மென்பொருள் நிறுவனத்திலிருந்து காருக்கு வந்தது. நான் பேசுவது காரிலிருந்து வெளியே போவதைப் பற்றி. காருக்குள் ஒரு திருத்தம் வந்து சேர்வதற்கு, நேற்றிரவு நான் யார் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தேன் என்பது வெளியே போக வேண்டியதில்லை.

கைபேசி பற்றிய வாதத்தையும் ஏற்க இயலவில்லை. கைபேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். இருப்பிடத்தைக் கேட்கும் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியே மறுப்புச் சொல்லலாம். காருக்குள் புதைந்திருக்கும் சிம்மை யாரால் வீட்டில் வைத்துவிட்டுப் போக முடியும்?

சர்வர் அறை:
இத்தகைய அமைப்புகளுக்கு மென்பொருள் எழுதியிருக்கிறேன் என்பதால் சிலவற்றைச் சொல்கிறேன். பெரும்பாலான புதிய கார்களில் தனி சிம்முடன் ஒரு தொடர்புப் பெட்டி இருக்கிறது. உங்கள் கைபேசி அணைந்திருந்தாலும் அது தன் வேலையைச் செய்யும். தகவல்கள் காரின் சேசிஸ் எண்ணின் கீழ் சர்வரில் சேர்கின்றன. உரிமையாளர் மாறியதை அந்த எண் தானாக அறியாது. யாராவது சொல்ல வேண்டும். ஆகவே திருகாணி அவர்கள் சொன்ன சாவி உவமை பொருந்தவில்லை. இந்தச் சாவி விற்றவரின் பையில் மட்டுமில்லை, பூட்டு செய்தவரின் கிடங்கிலும் ஒரு படி இருக்கிறது. அந்தக் கிடங்கு எப்போதும் பூட்டியிருந்ததாகவும் சொல்ல முடியாது.

2016-இல் நிசான் லீஃப் காரின் செயலி, கேட்பவர் யார் என்று சரிபார்க்காமலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. முன் கண்ணாடி வழியாகவே படித்துவிடக்கூடிய சேசிஸ் எண் ஒன்றே போதுமானதாக இருந்தது. அதை வைத்து எங்கிருந்தோ ஒருவர் காரின் ஏசியை இயக்கவும் பயண விவரங்களைப் பார்க்கவும் முடிந்தது. 2023-இல் டொயோட்டா, ஜப்பானில் சுமார் 21.5 லட்சம் வாடிக்கையாளர்களின் வாகனத் தகவல்கள் கிளவுட் அமைப்பில் நேர்ந்த பிழையால் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் வெளியாரும் அணுகும்படி கிடந்ததை ஒப்புக்கொண்டது. 2024 டிசம்பரில் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் மென்பொருள் நிறுவனமான காரியாட் சுமார் 8 லட்சம் மின்சாரக் கார்களின் தரவைத் திறந்துபோட்டிருந்தது வெளிவந்தது. அவற்றில் சுமார் 4.6 லட்சம் கார்கள் எங்கே நின்றன என்பது துல்லியமாகத் தெரிந்தது. இவற்றில் எதுவும் தீய எண்ணத்தால் நடந்ததில்லை. சேர்த்து வைத்ததால் சிந்தியது.

திருகாணி:
சிந்துவது குற்றம்தான். வங்கியிலும் சிந்தியிருக்கிறது, மருத்துவமனையிலும் சிந்தியிருக்கிறது. அதற்காக நாம் வங்கிக்கும் மருத்துவமனைக்கும் போகாமல் இருக்கவில்லை. பாதுகாப்பைக் கூட்டுங்கள் என்று கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். தரவே சேர்க்கக் கூடாது என்றால், ஆளில்லாச் சாலையில் விபத்தில் மயங்கிக் கிடப்பவருக்கு ஆம்புலன்ஸை யார் அழைப்பார்கள்?

சர்வர் அறை:
அதற்கு ஐரோப்பாவில் ஏற்கெனவே ஒரு நல்ல விடை இருக்கிறது. 2018 மார்ச் 31 முதல் அங்கே புதிய வகைக் கார்களில் 'ஈ-கால்' என்னும் அவசர அழைப்பு வசதி கட்டாயம். ஏர்பேக் விரிந்தால் கார் தானாகவே 112-ஐ அழைக்கும். அப்போது அது அனுப்புவது இடம், நேரம், வண்டி சென்ற திசை, வண்டியின் அடையாளம் போன்ற குறைந்தபட்சத் தகவல்களை மட்டுமே. மற்ற நேரங்களில் அந்த வசதி உறங்கிக்கொண்டிருக்கும்படியும், யாரையும் தொடர்ந்து பின்தொடராதபடியும் வடிவமைத்திருக்கிறார்கள். உயிரைக் காப்பாற்றுவதற்கு ஆண்டு முழுவதும் வேவு பார்க்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியவில்லை.

பின்னிருக்கை:
நீங்கள் மூவரும் உரிமையாளரைப் பற்றியே பேசுகிறீர்கள். கார் ஒருவர் பெயரில் இருக்கும், ஓட்டுபவர் வேறொருவராக இருப்பார். என் தோழி ஒருத்தி கணவரைப் பிரிய முடிவெடுத்த நாட்களில், அவள் ஓட்டிய கார் அவர் பெயரில் இருந்தது, செயலியும் அவர் கைபேசியில்தான் இருந்தது. முதன்முதலில் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்த அன்று மாலை, "அந்தத் தெருவில் நாற்பது நிமிடம் உனக்கு என்ன வேலை?" என்று அவர் கேட்டார். அவள் நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தாள். கணக்கு வைத்திருப்பவர் கேட்டால்தான் இணைப்பைத் துண்டிக்க முடியும் என்று பணிவாகச் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு அவள் பேருந்தில்தான் வக்கீலிடம் போனாள். அந்த அமைப்பில் எதுவும் கசியவில்லை, எந்தத் திருடனும் நுழையவில்லை. எல்லாம் சரியாக வேலை செய்தது. எனக்கு அதுதான் அச்சமாக இருக்கிறது.

திருகாணி:
இதை நான் யோசித்துப் பார்த்ததில்லை, சகோதரி. பட்டறைக்கு வரும் பெண்களில் பலருடைய வண்டி வேறொருவர் பெயரில் இருப்பதைத் தினமும் பார்க்கிறேன். காரில் உட்கார்ந்து ஓட்டுபவரே திரையில் ஒரு பொத்தானை அழுத்தி இருப்பிடத்தை மறைத்துக்கொள்ளும் வசதி இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் தரவை விற்பது பற்றி எழும் பேச்சில் மிகை இருக்கிறது என்றே இன்னும் நினைக்கிறேன். என் ஓட்டும் முறையைத் தெரிந்துகொண்டு யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்? நிதானமாக ஓட்டுபவருக்குக் காப்பீட்டுத் தொகை குறைந்தால் அது நியாயம்தானே?

வழிப்போக்கன்:
தெரிந்தே ஒப்புக்கொண்டு குறைத்துக்கொண்டால் நியாயம்தான். அமெரிக்காவில் நடந்தது வேறு. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் இருந்த ஓட்டுநர் மதிப்பீட்டு வசதி திரட்டிய தகவல்கள், லெக்சிஸ்நெக்சிஸ் போன்ற தரவு நிறுவனங்கள் வழியாகக் காப்பீட்டு நிறுவனங்களைச் சென்றடைந்ததை 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொணர்ந்தது. தன் பிரீமியம் 21 சதவீதம் ஏறியது ஏன் என்று விசாரித்த ஒருவர், தன்னைப் பற்றிய அறிக்கையைக் கேட்டு வாங்கினார். ஆறு மாதங்களில் நடந்த 640 பயணங்களின் விவரம் அதில் இருந்தது. எப்போது கிளம்பினார், எவ்வளவு தூரம் போனார், எந்தப் பயணத்தில் சட்டென்று பிரேக் பிடித்தார் என்பதெல்லாம் வரிவரியாக இருந்தன. குறுக்கே ஓடிவந்த குழந்தைக்காகப் பிடித்த பிரேக்கும் அந்தப் பட்டியலில் 'திடீர் பிரேக்' என்றுதான் ஏறும்; குழந்தை ஏறாது. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் இதன் பேரில் நடவடிக்கை எடுத்தபோது, சில நேரங்களில் மூன்று விநாடிக்கு ஒருமுறை இருப்பிடம் திரட்டப்பட்டதாகக் குற்றம் சாட்டியது. இதில் மிகை எங்கே இருக்கிறது?

ஒரு நிறுவனத்தின் பிழை என்று ஒதுக்கவும் முடியவில்லை. 2023-இல் மொசில்லா அறக்கட்டளை 25 கார் நிறுவனங்களின் தனியுரிமைக் கொள்கைகளை ஆராய்ந்தபோது ஒன்றுகூடத் தேறவில்லை. வேறு கடைக்குப் போய் வாங்கிக்கொள் என்று சொல்வதற்கு வேறு கடையே இல்லை.

பின்னிருக்கை:
சிம் பெட்டியின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டால் என்ன ஆகும்?

சர்வர் அறை:
சில மாடல்களில் அதோடு மைக்கும் ஒரு பக்க ஸ்பீக்கரும் போய்விடுகின்றன, அவசர அழைப்பும் போய்விடும். யாருக்கும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். முதலில் காரின் அமைப்புகளுக்குள் போய் எது எது இயங்குகிறது என்று பாருங்கள். ஓட்டுநர் மதிப்பீடு என்று இருந்தால் அணைத்துவிடுங்கள். பழைய கார் வாங்கினால் சாவி கைக்கு வந்த அன்றே தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, கணக்கில் வேறு கைபேசிகள் இணைந்திருக்கின்றனவா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள்.

திருகாணி:
நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு நேற்றிரவு என் சொந்த வண்டியில் உட்கார்ந்து பார்த்தேன். ஐந்து வசதிகள் இயங்கிக்கொண்டிருந்தன. அவற்றில் இரண்டின் பெயரை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. மதிப்பீட்டை அணைத்தேன். பயணப் பதிவை அணைக்கப் போனபோது, திருட்டுப் போனால் வண்டியைத் தேடித் தர இயலாது என்று திரை எச்சரித்தது. வண்டி திருடுபோன அன்று தேடுவதற்கு, போன மாதம் நான் எங்கெங்கே போனேன் என்பது எதற்கு என்று எனக்கும் புரியவில்லை. இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டிருப்பது சரியில்லை. இணைய வசதி வேண்டும் என்ற என் கருத்து மாறவில்லை. எச்சரிக்கை வராமல் இன்ஜின் போன வண்டிகளை நிறையப் பார்த்துவிட்டேன். பயணப் பதிவை மட்டும் அணைத்துவிட்டேன்.

வழிப்போக்கன்:
விற்பனைப் பத்திரத்தில் இருந்த எண்ணைத் தேடியெடுத்து, என் காரை வாங்கியவரை நேற்று அழைத்தேன். நடந்ததைச் சொன்னதும் சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு நான் சொல்லச் சொல்ல அவர் காரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்தார். நானும் இந்தப் பக்கம் என் கணக்கிலிருந்து காரை நீக்கினேன். நீலப் புள்ளி மறைந்தது. வைப்பதற்கு முன் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "எத்தனை நாளாக உங்களுக்குத் தெரிந்துகொண்டிருந்தது?" கடந்த வாரம்தான் பார்த்தேன், ஆனால் பதினான்கு மாதங்களாகப் பார்க்க முடிந்திருக்கும் என்று உள்ளதைச் சொன்னேன்.