பாம்பன் கரையில் கொலை, துப்பறிவது நாய்: இதில் சிரிப்பு எதற்கு?

பாலத்தடி:
இங்கிலீஷில் கோஸி என்று ஒரு வகைக் கதை உண்டு. கொலை நடக்கும், ஆனால் ரத்தத்தைக் காட்டமாட்டார்கள். சின்ன ஊர், எல்லாம் தெரிந்த முகம். துப்பறிவது போலீஸ் இல்லை, பேக்கரிக்கார அம்மாவோ நாய் பழக்குகிற ஆளோ. நாய் வருகிற கதைக்கென்றே அங்கே தனிக் கூட்டம் இருக்கிறது. அப்படி ஒன்றை நம் கரையில் நடத்திப் பார்க்கலாமே என்று நேற்று மூன்று அத்தியாயம் போட்டேன். படிக்காதவர்களுக்குச் சுருக்கம்: மண்டபம் ஊரில் நாய் பழக்கும் ஒரு அக்கா, தம்பி. மே மாத விடிகாலையில் கடல் அட்டை கடத்தும் வியாபாரி ஒருவரின் பிணம் பாம்பன் கரையில் ஒதுங்குகிறது. அக்காவின் சிப்பிப்பாறை நாய், கரையில் கிடந்த செருப்பை மோந்துவிட்டு, மீனோடு வந்து இறங்கும் விசைப்படகுக்காரர்களுக்குள் புகுந்து ஒருவரைப் பார்த்துக் குரைக்கிறது. கதைக்கு ஒரு நாய், ஒரு கொலை, வழி நெடுக சிரிப்பு. திட்டுவதானாலும் திட்டுங்கள்.

தங்கச்சிமடத்துக்காரி:
திட்டத்தான் வந்தேன். பிணம் ஒதுங்கியதும் தம்பிக்காரன் ஜோக் அடிக்கிறான், டீக்கடையில் எல்லோரும் சிரிக்கிறார்கள். எந்த ஊர் டீக்கடை இது?

எங்கள் சித்தப்பா போன படகு வராத அன்று, அம்மா உலையை இறக்காமல் கரைக்கு ஓடினாள். சாயங்காலம் திரும்பினால் சோறு அடிப்பிடித்துக் கரியாகிக் கிடந்தது. கரையில் ஏதாவது ஒதுங்கிவிட்டது என்றால் நாங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கைலியில் என்ன கட்டம் என்று பார்ப்போம். முகம் அடையாளம் தெரியாது. இங்கே வந்து சிரிப்புக் கதை எழுதுகிறீர்கள்.

கீழக்கரைக் காக்கா:
தங்கச்சி சொல்வது நியாயம்தான். ஆனால் துக்க வீட்டுத் திண்ணையில் சிரிப்புச் சத்தம் கேட்காத ஊர் எது? இறந்தவர் யாரிடம் எவ்வளவு கடன் வாங்கிவிட்டுக் கொடுக்காமல் போனார் என்று பேசிப் பேசியே எங்கள் பெரியாப்பா வீட்டில் விடிந்தது. சிரிப்பு வேண்டாம் என்றால் பாதி ஊரை எழுத முடியாது.

எனக்கு இடிப்பது வேறு. மூன்றாம் அத்தியாயத்தில் நாய் எங்கள் ஊர் வீட்டு ஹாலுக்குள் ஓடி வருகிறது, அந்த லாத்தா (அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) தொதல் என்கிற எங்கள் ஊர் இனிப்பைக் கிண்டியபடியே அதன் தலையைத் தடவுகிறார். வாசலில் தண்ணீர் வைப்போம், மிச்சச் சோறும் வைப்போம். உள்ளே விடமாட்டோம் தம்பி. ஹாலுக்குள் வந்திருந்தால் கொலையை விட்டுவிட்டு மொத்த வீடும் கழுவித் தள்ளுவதில் இறங்கியிருக்கும். தொதலைக் கிண்டுவதை நடுவில் நிறுத்தினாலும் அடிப்பிடிக்கும், அது தனிக் கலவரம். எழுதத் தெரிந்தால் உங்கள் சிரிப்பே அங்கேதான் இருக்கிறது.

பாலத்தடி:
காக்கா, மாற்றிவிடுகிறேன். அக்கா, அந்த டீக்கடைக் காட்சியைப் பற்றி யோசிக்கிறேன். ஆனால் ஒன்று, கொலை இல்லாமல் இந்த வகைக் கதையே இல்லையே!

கயிறு பிடித்தவன்:
காவல்துறையில் மோப்ப நாயோடு இருந்து ஓய்வு பெற்றவன். வேலை விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, நாய். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்துகிற வேட்டை இனம். மூக்கே கிடையாது என்று சொல்லவில்லை. ஆனால் துப்பு நாய் என்றால் லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், இப்போது பெல்ஜியன் மாலினாய்ஸ். உள்ளூர் நாய்தான் வேண்டும் என்றால் நம் ஜில்லாவிலேயே மண்டை என்கிற நாய் இனம் இருக்கும்போது சிப்பிப்பாறைக்கு ஏன் போனீர்கள்? மண்டை நாயைக் காவலுக்கு வையுங்கள், மோப்பத்துக்கு லாப்ரடாரை வையுங்கள். இரண்டுக்கும் ஆகாது என்று ஒரு கிளைக்கதையே எழுதலாம்.

இரண்டாவது, நேரம். வெயில் ஏறினால் மணலில் வாசனை நிற்காது. நாயும் வாயைத் திறந்து இரைக்க ஆரம்பித்துவிடும், இரைக்கிற நாய் சரியாக மோக்காது. விடிகாலை என்று வைத்தது சரி. கருவாட்டு நாற்றத்தில் குழம்பாதா என்று யாராவது கேட்பார்கள். நமக்குக் குழம்பு மணக்கும், நாய்க்கு அதில் மல்லி தனி, மிளகாய் தனி. பழகின நாய்க்குக் கருவாடு பிரச்சினையே இல்லை. உடை முள்தான் பிரச்சினை. கரையிலிருந்து நாலு எட்டு உள்ளே போனால் சீமைக் கருவேலம். உள்ளங்காலில் முள் ஏறியதும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு திரும்பி நம்மைப் பார்க்கும் பாருங்கள், நாம்தான் அதைக் குத்தியது போல இருக்கும்.

மூன்றாவது, ஆளைப் பார்த்துக் குரைத்தால் கேஸ் முடியாது. 1969-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் இதைப் பேசியிருக்கிறார்கள்: நாய் கூண்டேறி சத்தியம் செய்யாது, அதைக் குறுக்கு விசாரணை செய்யவும் முடியாது, அதற்குப் பதிலாக நாயைப் பிடித்து வந்தவன் சாட்சி சொன்னால் அது கேள்விப்பட்ட பேச்சாகிவிடும். நாய் வழிதான் காட்டும். ஆதாரத்தை மனிதன்தான் தேட வேண்டும். உங்கள் அக்காவுக்கும் தம்பிக்கும் கதையில் வேலை வருவது அப்போதுதான்.

தங்கச்சிமடத்துக்காரி:
அண்ணே, நீங்கள் இத்தனை கேஸ் பார்த்தவர். நீங்களே சொல்லுங்கள், அந்த இடத்தில் சிரிப்பு வருமா?

கயிறு பிடித்தவன்:
எனக்கு வந்ததில்லை தங்கச்சி. நாய்க்கு வரும்.

அதற்குக் கொலை தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரு டென்னிஸ் பந்து. தேடச் சொன்னதைக் கண்டுபிடித்தால் பந்து கிடைக்கும், அவ்வளவுதான் அதன் பயிற்சியே. ஒரு வீட்டில், பெயர் வேண்டாம், கிணற்றடிச் சாம்பல் குவியலில் அரிவாளைக் கண்டுபிடித்துவிட்டு வாலை ஆட்டு ஆட்டென்று ஆட்டி என் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டு நின்றது. பந்தை அங்கேயே கொடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் நாய் கெட்டுப்போகும். பக்கத்தில் அந்த வீட்டம்மா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் கண்ணில் படாமல், முதுகைத் திருப்பிக்கொண்டு, பந்தை உருட்டி விட்டேன். அது துள்ளிய சத்தத்தில் வீட்டுச் சின்னப் பையன் சிரித்துவிட்டான். அம்மா அவனை அடிக்கவில்லை.

சிரிப்பு என்றால் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பாலத்தடி:
அண்ணே, இதைக் கதையில் வைத்துக்கொள்ளட்டுமா?

கயிறு பிடித்தவன்:
வைத்துக்கொள்ளுங்கள். அரிவாளை மட்டும் மாற்றிவிடுங்கள்.

தங்கச்சிமடத்துக்காரி:
அந்தப் பையன் சிரித்ததை எழுதினால் படிப்பேன். டீக்கடைச் சிரிப்பை இப்போதும் ஒத்துக்கொள்ளமாட்டேன். கரையில் ஒதுங்கும் பிணமும் வேண்டாம், எங்கள் ஊரில் அது கதை இல்லை. வியாபாரியைத் தரையில் எங்காவது கொல்லுங்கள்.

இன்னொன்று, யாரும் கவனிக்கவில்லையா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மே மாதம் எந்த விசைப்படகு மீனோடு வந்து இறங்குகிறது? அத்தனையும் கரையில் கட்டிக் கிடக்கும், இல்லை பெயின்ட் அடித்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் நாய் நாட்டுப்படகுக்காரர்களிடம்தான் போயிருக்க வேண்டும்.

கீழக்கரைக் காக்கா:
போச்சு. கொலைகாரனே தப்பான படகில் ஏறிவிட்டான்.

பாலத்தடி:
முதல் அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். புதுசு இப்படி: தடைக்காலம், வேலை இல்லாமல் மூடிக் கிடக்கும் ஐஸ் கம்பெனி. வியாபாரியின் பிணம் அதற்குள். ஆள் நடமாட்டமே கிடையாது, மூன்று வாரம் யாருக்கும் தெரியாது. லாப்ரடார் வந்துதான் கண்டுபிடிக்கிறது. இப்போது சரியா?

தங்கச்சிமடத்துக்காரி:
மூடிக் கிடக்கும் கம்பெனியில் மிஷின் ஓடாது, ஐஸும் இருக்காது. மே மாத வெயிலில் மூன்று வாரமா? மூன்றாம் நாளே ஊர் முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நிற்கும். லாப்ரடார் எதற்கு?