நிலா வளைகாப்பு – எடிசன், நியூஜெர்சி (குடும்பக் குழு)

குழு விவரம்: இக்குழுவில் தமிழில், முழு வாக்கியங்களாக மட்டுமே எழுத வேண்டும். – சுந்தரம்

கோமதி: அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு வளையல் அடுக்கத் தொடங்குகிறோம். புளியோதரை செல்வியின் பொறுப்பு, தேங்காய்ச் சாதம் என் பொறுப்பு, மற்ற சாதங்கள் ஓக் ட்ரீ ரோட்டுக் கடையிலிருந்து வந்துவிடும். இனிப்புதான் முடிவாகவில்லை. நிலாவுக்குச் சில வாரங்களாகப் பீநட் பட்டரும் ஜாமும் வைத்துச் சுடும் பார் மேலேயே ஆசை. பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டதைப் பந்தியில் வைக்காமல் அதிரசத்தை மட்டும் வைத்தால் அது என்ன வளைகாப்பு?

செல்வி: நான் செய்து தருகிறேன், மதினி.

விசாலாட்சி: கோவில்பட்டியில் இப்போது மணி நாலரை. எழுந்தவுடன் இதைத்தான் படித்தேன். வேர்க்கடலை பித்தம். அம்மா சாப்பிட்டால் குழந்தைக்கு ஒவ்வாமை வரும் என்று எங்கள் கோயில் குழுவிலும் ஒரு செய்தி வந்திருக்கிறது. அதை இங்கே அனுப்பியிருக்கிறேன், எல்லாரும் படியுங்கள்.

சுந்தரம்: அக்கா, நீங்கள் அனுப்பியது காலாவதியான அறிவுரை. குடும்பத்தில் ஒவ்வாமை இருக்கும் கர்ப்பிணிகள் வேர்க்கடலையைத் தவிர்க்கலாம் என்று பிரிட்டன் அரசு 1998-இல் சொன்னது உண்மைதான். ஆனால் அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2009-இல் அதுவே அந்த அறிவுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இங்கே அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும், அபாயம் உள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரை வேர்க்கடலை வேண்டாம் என்று 2000-இல் சொல்லிவிட்டு, 2008-இல் அதைக் கைவிட்டது. 2015-இல் வெளியான லண்டன் ஆய்வு கதையையே தலைகீழாக்கியது: கடுமையான எக்சிமா என்னும் தோல் அழற்சியோ முட்டை ஒவ்வாமையோ இருந்த கைக்குழந்தைகளுக்கு ஒரு வயது நிறையுமுன்பிருந்தே வேர்க்கடலை கொடுத்துப் பழக்கியபோது, ஐந்து வயதில் வேர்க்கடலை ஒவ்வாமை ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு குறைந்திருந்தது. ஆகவே நிலாவுக்கு ஒத்துக்கொள்ளும்வரை தடை எதுவும் இல்லை, அவளுடைய மருத்துவரும் அதையே சொல்லியிருக்கிறார்.

கார்த்திக்: மாமா, பாதியைப் படித்துவிட்டேன், மீதியை ரயிலில் படிக்கிறேன்.

விசாலாட்சி: உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவளுக்கு நீ பாடம் நடத்துகிறாய், தம்பி. நடத்து.

பானு: மாமா, நிலா சாப்பிடுவதில் எனக்கும் கவலை இல்லை. ஆனால் எங்கள் பையன் ஆதவும் விழாவுக்கு வருகிறான். அவனுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை இருப்பது எல்லாருக்கும் தெரியும். கடும் ஒவ்வாமைக்குப் போடும் எப்பிநெஃப்ரின் ஊசி என் கைப்பையில் எப்போதும் இருக்கும் என்றாலும், அதைப் பயன்படுத்தும் நிலை வரக் கூடாது. சிறு பிள்ளைகள் தின்ற கையோடு பொம்மையையும் நாற்காலியையும் தொடுவார்கள்.

விசாலாட்சி: தெருவுக்குத் தெரு கடலைமிட்டாய் கிண்டும் ஊரில் வேர் விட்ட வம்சத்துக்கு வேர்க்கடலை ஆகாதா? 2020-இல் புவிசார் குறியீடே வாங்கிய மிட்டாய் அது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும் என்றுதானே சுந்தரமும் இப்போது எழுதியிருக்கிறான்?

சுந்தரம்: இல்லை, அக்கா. அது ஒவ்வாமை வராமல் தடுக்கக் கைக்குழந்தைகளுக்குச் செய்தது. வந்துவிட்ட பிள்ளைக்கு வீட்டில் நாமே கொடுத்துப் பார்ப்பது ஆபத்து. அதற்கு மருத்துவமனைக் கண்காணிப்பில் நடக்கும் சிகிச்சை தனியாக இருக்கிறது.

பானு: நன்றி, மாமா. போன கோடையில் ஊரில் என்ன நடந்தது என்பதை நான் இங்கே எழுத விரும்பவில்லை, அத்தை.

கார்த்திக்: அம்மா, இந்தப் பேச்சை இதோடு விடுங்கள்.

விசாலாட்சி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி: நாம் பாருக்கு வருவோம். பெரிய தட்டுக்கு, அதாவது ஒன்பதுக்குப் பதின்மூன்று அங்குலத் தட்டுக்கு, நான் எடுக்கும் அளவு இது: வெண்ணெய் இரண்டு குச்சி (ஏறக்குறைய 225 கிராம்), பழுப்புச் சர்க்கரை 300 கிராம், பீநட் பட்டர் 500 கிராம், மைதா 375 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, முட்டை இரண்டு, ஜாம் ஏறக்குறைய 450 கிராம், மேலே தூவ உடைத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி. வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, முட்டையும் பீநட் பட்டரும் சேர்த்து, கடைசியில் மாவைப் போட்டுப் பிசறினால் போதும். அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தட்டில் அழுத்திப் பரப்பி, ஓரத்தில் ஒரு விரல் அகலம் விட்டு ஜாமைத் தடவி, மீதி மாவைக் கிள்ளிக் கிள்ளி மேலே போட்டு, 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகச் சுட வேண்டும். ஓரம் வரை ஜாம் தடவினால் அது தட்டில் ஒட்டிக் கரிந்து, வெட்டும்போது பாரையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும்.

கோமதி: அந்த அளவுத் தட்டு என்னிடம் இல்லை. என் கண்ணாடித் தட்டு தீபாவளியிலிருந்து செல்வி வீட்டில்தான் இருக்கிறது.

செல்வி: கேட்டிருந்தால் அன்றே கொடுத்திருப்பேன், மதினி. கண்ணாடியில் சுடுவதானால் சூட்டை 25 டிகிரி குறைக்க வேண்டும். இல்லையென்றால் நடு வேகுமுன் ஓரம் கறுத்துவிடும். நான் என் தகரத் தட்டிலேயே சுட்டுக்கொள்கிறேன். உங்கள் தட்டைக் கழுவிச் சனிக்கிழமை கொண்டுவந்து வைத்துவிடுகிறேன்.

கோமதி: நான் குறையாகச் சொல்லவில்லை.

செல்வி: நானும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. நிலா கல்யாணத்தில் என் கேசரியை வாசலோர மேசையில் வைத்ததைக்கூட நான் குறையாகச் சொன்னதில்லை.

நிலா: எனக்கு ஸ்ட்ராபெர்ரி ஜாம் வேண்டாம். சிறு வயதில் அம்மா எனக்கு ரொட்டியில் தடவித் தந்த திராட்சை ஜெல்லிதான் வேண்டும்.

கார்த்திக்: நீயும் இந்தக் குழுவில் இருக்கிறாயா? அப்படியானால் பரிசைப் பற்றி இங்கே யாரும் எழுத வேண்டாம்.

சுந்தரம்: திராட்சை ஜெல்லி என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த நாட்டில் பீநட் பட்டரையும் ஜெல்லியையும் ஒரே ரொட்டியில் வைக்கும் குறிப்பு முதன்முதலாக அச்சேறியது 1901-இல், பாஸ்டன் சமையல் பள்ளியின் இதழில் என்கிறார்கள். எழுதியவர் ஜூலியா டேவிஸ் சாண்ட்லர். அவர் சொன்னது திராட்சை அல்ல, கர்ரன்ட் என்னும் சிறு பழத்தின் ஜெல்லி அல்லது காட்டு ஆப்பிள் ஜெல்லி. திராட்சையை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்த வெல்ச் குடும்பத்தின் தொழிலோ நம் நியூஜெர்சியிலேயே, வைன்லேண்டில், 1869-இல் தொடங்கியது. பல் மருத்துவரான தாமஸ் வெல்ச், தேவாலயத்தில் மதுவுக்குப் பதிலாகப் பயன்படுத்துவதற்காக, திராட்சைச் சாற்றைப் புளிக்காமல் சூடாக்கிப் பாதுகாத்தார். ஜெல்லி அதற்கு நெடுநாள் கழித்து வந்தது.

கார்த்திக்: இதில் வளைகாப்பு எங்கே இருக்கிறது, மாமா?

செல்வி: நிலா, ஜெல்லி வெறும் சாற்றில் செய்தது, அடுப்புச் சூட்டில் இளகி அடிமாவுக்குள் இறங்கி, அதை நசநசவென்று ஆக்கிவிடும். ஜாமில் பழச்சதை இருப்பதால் அது இடத்தை விட்டு நகராது. திராட்சையே வேண்டுமென்றால் திராட்சை ஜாம் கிடைக்கிறதா என்று பார்க்கிறேன்.

நிலா: அப்படியானால் சரி. ஆனால் பீநட் பட்டரில் மட்டும் கை வைக்காதீர்கள், அத்தை.

செல்வி: வைக்கவில்லை. எண்ணெய் மேலே மிதக்கும் வகையை மட்டும் தவிர்க்கிறேன். அதைச் சரியாகக் கலக்காமல் போட்டால் பார் உதிர்ந்துவிடும்.

பானு: நான் ஒரு யோசனை சொல்லலாமா? பந்தியில் வைப்பதற்குச் சூரியகாந்தி விதை பட்டரில் ஒரு தட்டு சுடலாம். எங்கள் வீட்டில் ஆதவுக்கு அதைத்தான் பயன்படுத்துகிறோம். மணமும் உப்புச் சுவையும் ஓரளவுக்கு அருகில் வரும். வேர்க்கடலையில் சுடும் தட்டு செல்விச் சித்தி வீட்டிலேயே இருக்கட்டும்.

சுந்தரம்: நல்ல யோசனை. ஆனால் ஓர் எச்சரிக்கை. சூரியகாந்தி விதையில் குளோரோஜெனிக் அமிலம் இருக்கிறது; அது சமையல் சோடா போன்ற காரப்பொருளோடு சேர்ந்தால், சுட்டு ஆறிய பிறகு பாரின் உள்ளே பச்சை நிறம் பரவும். உடம்புக்குத் தீங்கில்லை, பார்ப்பவர்கள் பூஞ்சணம் என்று நினைத்துத் தட்டை அப்படியே விட்டுவிடுவார்கள். பேக்கிங் பவுடரிலும் அந்தச் சோடா இருப்பதால், அதைப் பாதியாகக் குறைத்து, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்தால் பெரும்பாலும் பச்சை தட்டாது.

கார்த்திக்: பச்சை வளையல் போடும் விழாவில் பச்சைப் பார் இருப்பது மங்களம்தான்.

நிலா: பச்சையானாலும் நான் சாப்பிடுவேன், அத்தான். ஆனால் நான் கேட்டது அது இல்லை.

பானு: சித்தி, இரண்டையும் ஒரே நாளில் சுடுவதானால், சூரியகாந்தித் தட்டை முதலில் சுட்டு, மூடி, வேறு அறையில் வைத்துவிட வேண்டும். அதன்பிறகே வேர்க்கடலைப் புட்டியைத் திறக்க வேண்டும். கைக்குச் சானிடைசர் போட்டுக்கொண்டால் போதாது, அது வேர்க்கடலைப் புரதத்தை அகற்றாது. சோப்புப் போட்டுத்தான் கழுவ வேண்டும். விதை பட்டர் வாங்கும்போதும், வேர்க்கடலை ஓடும் அதே இயந்திரத்தில் செய்ததா என்று புட்டியில் பார்க்க வேண்டும். அந்த எச்சரிக்கையை அச்சிடச் சட்டக் கட்டாயம் இல்லை என்பதால், நான் வழக்கமாக வாங்கும் புட்டியின் படத்தையே அனுப்புகிறேன்.

செல்வி: அனுப்பு, பானு. அதையே வாங்கிவிடுகிறேன்.

விசாலாட்சி: ஒன்று கேட்கிறேன். அதில் முட்டை என்று எழுதியிருக்கிறதே? முட்டை போட்டதை வளைகாப்புப் பந்தியில் வைப்பீர்களா? சம்பந்தியம்மாள் கையால் தொடமாட்டாள்.

செல்வி: முட்டை இதில் மாவைச் சேர்த்துப் பிடிக்க மட்டும்தான், அக்கா. கேக் போல உப்ப வேண்டிய பண்டம் இல்லை என்பதால், பொடித்த ஆளி விதை இரண்டு மேசைக்கரண்டியை ஆறு மேசைக்கரண்டி தண்ணீரில் ஊற வைத்துச் சேர்த்தால் போதும். சற்று மென்மையாக இருக்கும்; இரவு முழுதும் குளிர்பெட்டியில் வைத்துக் காலையில் வெட்டினால் உடையாது.

நிலா: என் தட்டில் முட்டை இருக்கட்டும்.

கோமதி: அப்படியானால் பந்திக்கு முட்டையில்லாத சூரியகாந்தித் தட்டு, நிலாவுக்குத் தனியாக வேர்க்கடலைத் தட்டு. அந்தத் தட்டை ஞாயிற்றுக்கிழமை செல்வி வீட்டுக்குப் போய் அவள் சாப்பிடட்டும்.

நிலா: வளைகாப்பு சனிக்கிழமை, என் ஆசை ஞாயிற்றுக்கிழமையா, அம்மா?

கோமதி: விருந்தினர் போன பிறகு சனிக்கிழமை மாலையே அழைத்துப் போகலாமா என்று அப்பாவிடம் கேள்.

சுந்தரம்: சனிக்கிழமை மாலை சம்பந்தி வீட்டாரைக் கொண்டுபோய் விட வேண்டும். பார்க்கலாம்.

விசாலாட்சி: இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பையன் வெள்ளிக்கிழமை நூவர்க்கில் வந்து இறங்குகிறான். பந்தியில் வைப்பதற்கு அவனிடம் ஐந்து கிலோ கடலைமிட்டாய் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

பானு: அத்தை.

கார்த்திக்: அதை யாரும் சனிக்கிழமை அந்த வீட்டில் பிரிக்க வேண்டாம். பெட்டி பெட்டியாகவே இருக்கட்டும்.

விசாலாட்சி: நான் யாருக்கும் வாயில் ஊட்டச் சொல்லவில்லை. வளையல் போட வரும் சுமங்கலிகளுக்குத் தாம்பூலப் பையில் ஆளுக்கு ஒரு பொட்டலம் போட்டு, போகும்போது கையில் கொடுத்தால் என்ன?

கோமதி: தாம்பூலப் பையை வாசலில் வைத்துக் கொடுத்தால் பரவாயில்லையா, பானு?

பானு: யோசித்துச் சொல்கிறேன்.

சுந்தரம்: அவனை விமான நிலையத்தில் யார் அழைத்துக்கொள்வது என்பதையும் முடிவு செய்ய வேண்டும். அத்துடன், பாகு மிட்டாயைத் தாம்பூலப் பையில் வெற்றிலையோடு சேர்த்து வைத்தால் ஈரம் ஏறிப் பிசுபிசுக்கும். ஏனென்றால் வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை

செல்வி: அண்ணா, நான் கடையில் பால் பண்டங்கள் வரிசையில் நிற்கிறேன். நிலாவின் தட்டுக்கு முட்டை வாங்கவா, வேண்டாமா என்பதை மட்டும் முதலில் சொல்லுங்கள்.