டைரக்டர் பதவிக்கு ஓடுவதா, சேலத்திலேயே இருந்துவிடுவதா?

அழகாபுரம்_42:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வயது 42. ஒரு பெரிய பன்னாட்டு நிறுவனத்தில் பதினாறு வருடம், இப்போது சீனியர் மேனேஜர். கொரோனா சமயத்தில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சேலம் அழகாபுரம் வந்தவன் அப்படியே இங்கே தங்கிவிட்டேன். மாதம் நாலு நாள் பெங்களூர் போய் முகத்தைக் காட்டிவிட்டு வந்தால் போதும் என்று ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம் என் பாஸ் கூப்பிட்டு, டைரக்டர் இடம் ஒன்று வருகிறது, உன் பெயரைக் கொடுக்கிறேன், ஆனால் வாரத்தில் நாலு நாள் ஆபீசில் உட்கார வேண்டும் என்கிறார். வருடச் சம்பளம் 42 லட்சத்திலிருந்து 58 ஆகும்.

மனைவிக்கு இங்கே பள்ளிக்கூட வேலை. பெண் ஒன்பதாவது. அப்பாவிடம் சொன்னேன். அவர் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வாசலில் ஷூட்டிங் பார்க்கக் காத்து நின்ற தலைமுறை, டைரக்டர் என்றதும் "எந்தப் படம்?" என்றார். சிரித்துவிட்டேன், ஆனால் அதற்கப்புறம் எனக்கே அந்தக் கேள்வி உறுத்துகிறது. அந்த வேலை எனக்குப் பிடிக்குமா என்று நான் யோசிக்கவே இல்லை. கருப்பூர் கவர்ன்மென்ட் இன்ஜினியரிங் காலேஜில் கூடப் படித்தவன் போன வருடம் டைரக்டர் ஆகிவிட்டான், அவன் போட்ட பதிவுக்கு லைக் போட்டுவிட்டு அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. உண்மையைச் சொன்னால் இவ்வளவுதான் காரணம். போய்ப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

நாகலூர்_காப்பி:

தம்பி, நான் போய்ப் பார்த்தவன். டைரக்டராக மூன்று வருடம், வைஸ் பிரசிடென்டாக நாலு வருடம். இப்போது ஏற்காட்டுக்கு அந்தப் பக்கம் நாகலூரில் நாலு ஏக்கர் காப்பி. உடனே "எல்லாவற்றையும் விட்டுவிட்டு மலைக்கு வந்துவிட்டார்" என்று கதை கட்டாதீர்கள். தோட்டம் வாங்கியதே அந்தப் பதவி கொடுத்த பணத்தில்தான். இங்கேயும் நிம்மதி கொட்டிக் கிடக்கவில்லை. டிசம்பரில் பழம் பறிக்க ஆள் கிடைக்காது, மார்ச் ஏப்ரலில் மழை தள்ளிப்போனால் பூ எடுக்காது, தண்டுத் துளைப்பான் புழு புகுந்த செடியை வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டியதுதான்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். மேனேஜர் வேலைக்கு அடுத்த படி டைரக்டர் வேலை என்று நினைக்கிறீர்கள். அது அடுத்த படி கிடையாது, முழுக்க வேறு வேலை. இதுவரை ஒரு பொருளைச் செய்து கொடுத்ததற்காக உங்களைப் பாராட்டினார்கள். இனிமேல் எத்தனை ஆள், எவ்வளவு பட்ஜெட், எந்த டீமை எதோடு சேர்ப்பது, பக்கத்து டைரக்டர் உங்கள் ஆட்களை இழுக்காமல் எப்படிக் காப்பது, இதுதான் காலையிலிருந்து ராத்திரி வரை. ஒரு வருடம் தீபாவளிக்கு முந்தின வாரம் எக்செல் ஷீட் ஒன்று வந்தது, பதினோரு பெயர், யாரை வேலையை விட்டு அனுப்புவது என்று மஞ்சள் கலர் அடித்துக் கொடுக்க வேண்டும். அதில் மூன்றாவது பெயர், நானே காலேஜில் போய் இன்டர்வியூ செய்து எடுத்த பையன். கலர் அடித்தேன். அடிக்காமல் இருந்திருந்தால் வேறு யாராவது அடித்திருப்பார்கள் என்பதும் உண்மைதான், ஆனால் அடித்தது நான். சம்பளத்தில் பாதி இதற்குத்தான் தருகிறார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ரெண்டு வருடம் கழித்து என் பதவியையே எடுத்துவிட்டார்கள். குடும்பத்தோடு ஏற்காடு ஏறிக்கொண்டிருந்தேன், பதினாலாவது கொண்டை ஊசியில் போன் வந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே சிக்னல் போய்விட்டது. மீதியை மேலே போய்க் கேட்டுக்கொண்டேன்.

ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் பாஸிடம் போன செவ்வாய்க்கிழமை காலண்டரைக் காட்டச் சொல்லுங்கள். திங்கள் வேண்டாம், அது எல்லோருக்கும் மோசம். செவ்வாய். அதைப் பார்த்து ஆசை வந்தால் போங்கள்.

ஆடிட்டர்_ஐந்துரோடு:

42, 58 என்று எல்லோரும் மொத்தத்தையே சொல்கிறீர்கள். புது வரி முறையில் 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம், 50 லட்சத்தைத் தாண்டினால் வரி மேல் 10 சதவீதம் சர்சார்ஜ், எல்லாவற்றுக்கும் மேல் 4 சதவீதம் செஸ். இந்த 16 லட்சத்தில் சுமார் 6.3 லட்சம் வரியாகவே போகிறது. மீதி சுமார் 9.7. அதுவும் முழுசாகக் கைக்கு வராது, இந்த மாதிரி பதவிகளில் கூடுகிற தொகையில் பெரும்பங்கு ஷேராகவும் வருடக் கடைசி போனஸாகவும்தான் இருக்கும். ஷேர் உங்கள் பெயருக்கு மாறுகிற நாளிலேயே, அதை விற்காவிட்டாலும், அன்றைய விலைக்குச் சம்பள வருமானமாக வரி பிடிப்பார்கள். மாதாமாதம் வருகிற சம்பளத்தில் வருடத்துக்கு 6 லட்சம் கூடுகிறது என்று வைத்தால் கையில் மாதம் 33 ஆயிரம் சொச்சம். பெங்களூரில் ஒரு வீட்டு வாடகை, போக வர பஸ், ஓட்டல் சாப்பாடு. நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்.

வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆபர் லெட்டரை மாதச் சம்பளம், போனஸ், ஷேர் என்று மூன்றாகப் பிரித்து எழுதி வாங்குங்கள் என்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டை_கொலுசு:

42 லட்சம் வாங்குகிறவருக்குத் தூக்கம் வரவில்லையாம். நமக்குப் பட்டறை. எனக்கு மேல் யாரும் கிடையாது, வெள்ளி விலையைத் தவிர. அது பாஸை விட மோசம், ராத்திரியிலும் ஏறும். நல்லா இருங்க அண்ணா.

அம்மாபேட்டை_ஹெச்ஆர்:

நான் பன்னிரண்டு வருடம் ஹெச்ஆரில் இருந்தவள், பதவி உயர்வுக்குப் பெயர் போடுகிற அந்த ரூமில் உட்கார்ந்திருக்கிறேன். "உன் பெயரைக் கொடுக்கிறேன்" என்பது வாக்குறுதி இல்லைங்க. நாலு இடத்துக்கு ஒன்பது பெயர் வரும். உங்கள் பாஸ் பேசி முடித்ததும் மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார், யாராவது ஒருத்தர் "ஆமாம், அவரோடு நான் வேலை செய்திருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். சொல்ல ஆள் இல்லை என்றால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று உங்கள் பெயர் ஷீட்டில் கீழே இறங்கிவிடும். சேலத்திலிருந்து ஸ்கிரீனில் மட்டும் தெரிகிறவருக்கு அந்த ஒருத்தர் கிடைப்பது கஷ்டம். அது நியாயம் என்று நான் சொல்லவில்லை.

இன்னொன்று. நன்றாக வேலை செய்கிறவர் நன்றாக ஆள் மேய்ப்பார் என்பது நாமாக நினைத்துக்கொள்வது. 2019-ல் வந்த ஒரு ஆய்வு, அமெரிக்காவில் 131 நிறுவனங்களின் விற்பனைப் பிரிவை எடுத்துப் பார்த்தார்கள். நன்றாக விற்றவர்களுக்குத்தான் பதவி போனது, ஆனால் அப்படி மேலே போனவர்களுக்குக் கீழே இருந்தவர்களின் விற்பனை குறைந்தது. உங்களுக்கு டீம் நடத்தப் பிடிக்குமா என்பதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை போனால் என்ன என்பதையும் இப்போதே பேசுங்கள். மேனேஜர்களுக்குத் தொழிலாளர் சட்டத்தில் ஆட்குறைப்பு நஷ்டஈடு எல்லாம் கிடையாது, 1947 சட்டத்திலும் அப்படித்தான், புதுச் சட்டத்தொகுப்பிலும் அப்படித்தான். உங்களுக்கு இருப்பது கையெழுத்துப் போடுகிற அந்தப் பேப்பர் மட்டும். நோட்டீஸ் எத்தனை மாதம், பாதியில் போனால் இடமாற்றச் செலவைத் திருப்பிக் கேட்பார்களா, பாருங்கள்.

மேட்டூர்_சுப்பு:

இதெல்லாம் எதற்கு? பதவி ஏற ஏற மாரடைப்புதான்.

அம்மாபேட்டை_ஹெச்ஆர்:

அது அப்படி இல்லைங்க. 1967-லிருந்து லண்டனில் அரசு ஊழியர்களை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்தார்கள், இதய நோயில் இறந்தது கடைநிலையில் இருந்தவர்கள்தான் அதிகம், மேலே போகப் போகக் குறைந்தது. தன் வேலை தன் கையில் இருக்கிறதா என்பது ஒரு காரணம் என்றார்கள். டைரக்டருக்கு அது இருக்கிறதா என்பதை நாகலூர் அண்ணாதான் சொல்ல வேண்டும், எனக்கு என்னவோ மேலே இருக்கிறவர்கள் பாதி பேர் இன்னொருத்தர் காலண்டரில்தான் வாழ்கிறார்கள் என்று படுகிறது.

அஸ்தம்பட்டி_டீச்சர்:

என் வீட்டுக்காரர் இப்போது அந்த வேலையில்தான் இருக்கிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினால் பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டவே ஒரு மணி நேரம், கிருஷ்ணகிரி, தொப்பூர் எல்லாம் கடந்து புது பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது பன்னிரண்டு ஆகிவிடும். சனிக்கிழமை மதியம் வரை தூக்கம். சாயங்காலம் அமெரிக்கா கால், வண்டியில் உட்கார்ந்துகொண்டு பேசுவார், வெளியே நாங்கள் தட்டுவடை செட் சாப்பிட்டு முடித்துவிடுவோம். ஞாயிறு மூன்று மணிக்கு அயர்ன் பாக்ஸ் எடுத்தால் வீடே அமைதியாகிவிடும். ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தை என் மகள் அவரை விட நன்றாகப் போடுகிறாள், திட்டக்கூட மனசு வரவில்லை.

இதற்காகப் போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டுக் கடன் மூன்று வருடத்தில் முடிந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் சார், அப்பா சொன்னதை எழுதினீர்கள், கூடப் படித்தவரை எழுதினீர்கள். உங்கள் மனைவி என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லையே?

அழகாபுரம்_42:

டீச்சர், நான் கேட்கவே இல்லை. இதைப் படித்துவிட்டுத்தான் கேட்டேன். "நீங்க ஏற்கெனவே முடிவு பண்ணிட்டு எனக்கு எப்படிச் சொல்றதுன்னு யோசிக்கிறீங்கன்னு நினைச்சேன்" என்றாள். அதற்கப்புறம் ரெண்டு மணி நேரம் பேசினோம், அதை இங்கே எழுதவில்லை.

பாஸிடம் காலண்டர் கேட்டேன். ஒரு மாதிரிப் பார்த்தார், ஆனால் காட்டினார். செவ்வாய்க்கிழமை பதின்மூன்று மீட்டிங். நாங்கள் செய்கிற பொருளைப் பற்றி அதில் ரெண்டு. மதியம் ஒன்றரைக்கு "லஞ்ச்" என்று அரை மணி நேரம் போட்டு, அதன் மேலேயே இன்னொரு மீட்டிங் ஏறி உட்கார்ந்திருந்தது.

ஆள் மேய்க்காமல் டெக்னிக்கல் பக்கமாகவே மேலே போகிற வழி எங்கள் கம்பெனியில் பெயருக்கு இருக்கிறது, அது நிஜமாக நடக்கிறதா என்று திங்கள்கிழமை கேட்கப் போகிறேன். 58 வராது, 50 வந்தால் பெரிது. இன்னும் மனசு ரெண்டு பக்கமும் ஆடுகிறது. நாகலூர் அண்ணா, ஞாயிற்றுக்கிழமை வந்தால் பார்க்க முடியுமா?

நாகலூர்_காப்பி:

வாங்க. ஞாயிறு அடிவாரம் வழி டூரிஸ்ட் கூட்டம், குப்பனூர் வழியாக ஏறுங்கள். பாப்பாவையும் வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்க. பாதி தூரத்துக்கு மேல் போன் எடுக்காது, அதனால் வழியை இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.