முன்தோல் நீக்க அறுவை சிகிச்சை: கிசுமுவில் இருக்கும் நம் ஊர் இளைஞர்களிடம் எப்படி எடுத்துச் சொல்வது?

கேள்வி (அம்பாசமுத்திரத்திலிருந்து)

என் தம்பி கென்யாவில், விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கும் கிசுமு நகரத்தில் ஓர் இரும்புக்கடையில் கணக்கு எழுதுகிறான். தென்காசி, வள்ளியூர் பக்கத்து இளைஞர்கள் ஆறு பேர் அவனுடன் ஒரே வீட்டில் தங்கியிருக்கிறார்கள். எச்ஐவி தொற்று அதிகமுள்ள அப்பகுதியில், ஆண்கள் தாமாக முன்வந்து முன்தோலை அகற்றிக்கொள்ளும்படி சுகாதாரத் துறையினர் பல ஆண்டுகளாக ஊக்குவித்து வருகிறார்கள். தம்பி சென்ற மாதம் செய்துகொண்டான். அதை வீட்டில் சொன்னதும், "எப்போது மதம் மாறினாய்?" என்று ஒருவர் கேலி செய்ய, இன்னொருவர், "அப்படியானால் இனி ஆணுறை தேவையில்லை, அல்லவா?" என்று கேட்டிருக்கிறார். கேலியைவிட இந்தக் கேள்விதான் எனக்குக் கவலை தருகிறது. அவர்களுக்குப் புரியும்படி என்ன சொல்லலாம்?

பதில் 1 (பாளையங்கோட்டை, எச்ஐவி பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவர்)

தம்பி, அவர்கள் இருக்கும் ஊரிலிருந்தே தொடங்குங்கள். இந்தச் சிகிச்சை எச்ஐவியைத் தடுக்குமா என்று ஆராய்ந்த மூன்று பெரிய ஆய்வுகளில் ஒன்று கிசுமுவில்தான் நடந்தது. 18 முதல் 24 வயது வரையுள்ள 2,784 ஆண்களை ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே சிகிச்சை செய்தார்கள்; மறுபாதியைக் காத்திருக்கச் சொன்னார்கள். இரண்டு ஆண்டுகளில், செய்துகொண்டவர்களில் 22 பேருக்கும் செய்துகொள்ளாதவர்களில் 47 பேருக்கும் தொற்று ஏற்பட்டிருந்தது. முன்தோலின் உட்புறம் மெல்லியது. வைரஸ் எளிதில் பற்றிக்கொள்ளும் செல்கள் அங்கே நிறைய உண்டு. மூன்று ஆய்வுகளையும் பார்த்த பிறகு, 2007இல் உலக சுகாதார நிறுவனம், பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம் குறைகிறது என்று ஏற்றுக்கொண்டு இதைப் பரிந்துரைத்தது.

ஆனால் அந்த 22 பேரும் சிகிச்சை செய்துகொண்டவர்கள்தாம் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். ஆணுறை வேண்டாமா என்று கேட்டவருக்கு வேறு பதில் தேவையில்லை. ஏற்கெனவே தொற்றுள்ள ஆண் இதைச் செய்துகொள்வதால் மனைவிக்குப் பாதுகாப்பு கிடைத்துவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆகவே முதலில் இரத்தப் பரிசோதனை. இங்கே வயது வந்தோரில் தொற்று 0.2 சதவீத அளவில்தான் இருப்பதால் நம் அரசு இதைத் தடுப்புத் திட்டமாக நடத்தவில்லை. ஊரில் இருப்பவர்கள் பதற வேண்டாம்.

பதில் 2 (மேலப்பாளையம்)

அண்ணாச்சி, சிக்கல் சொல்லில் இருக்கிறது. 'சுன்னத்து' என்றால் எங்களுக்கு மார்க்கக் கல்யாணம்; சிறுவனுக்குப் புதுச்சட்டை, மாலை, சொந்தபந்தம், விருந்து எல்லாம் சேர்ந்தது. அந்தச் சொல்லைப் பயன்படுத்தினால் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மதம்தான் நினைவுக்கு வரும். 'முன்தோல் அறுவை' என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். கிசுமுவைச் சுற்றியுள்ள லுவோ மக்களுக்கும் இதே தயக்கம் இருந்தது. அண்டை இனத்தார் பலர் செய்துகொள்ள, லுவோக்களின் மரபோ கீழ்ப்பற்கள் ஆறைப் பிடுங்குவதுதான். 2008இல் திட்டம் தொடங்கியபோது, அவர்களில் பெருந்தலைவரான ரைலா ஒடிங்கா, இது மருத்துவம், குலவழக்கம் அன்று என்ற நிலையில் வெளிப்படையாக ஆதரித்தார். தம் ஆள் சொன்னால்தான் கேட்பார்கள் என்பது எந்த ஊருக்கும் பொருந்தும். அந்த வீட்டில் உங்கள் தம்பிதான் அந்த ஆள்.

பதில் 3 (வள்ளியூர்)

சர்க்கரை நோயால் முன்தோல் இறுகிப்போய், நாற்பது வயதில் நான் செய்துகொண்டேன். இளைஞர்கள் வலியைத்தான் அஞ்சுகிறார்கள். வெளியே காரணம் வேறு சொல்வார்கள். மரத்துப்போகும் ஊசி குத்தும்போது சுருக்கென்றது. பிறகு அரை மணி நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன், அவ்வளவுதான். முதல் நான்கைந்து நாள்கள், விடியற்காலையில் குறி தானாக விறைக்கும்போது தையல் இழுத்தது. எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு நடந்தால் தணிந்துவிடும். தளர்ந்த சாரம் (லுங்கி) தான் வசதி. இதை எந்த மருத்துவரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை; உங்கள் தம்பி சொல்லட்டும். புண் ஆறும் ஆறு வாரம் உறவு கூடாது, அதற்குள் அவசரப்பட்டால் தொற்றும் அபாயம் கூடும்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு 22, 47 என்ற கணக்கைத் தம்பிக்கு எழுதி அனுப்பினேன். ஆறு வாரத்தை, "மாலை போட்டால் ஒரு மண்டலம் இருக்கிறீர்களே, அதுபோல" என்று அவன் விளக்கியிருக்கிறான். கேலி செய்த அதே பையன், கடையில் எத்தனை நாள் விடுப்பு கேட்க வேண்டும் என்று விசாரித்தானாம். மூட்டை தூக்கும் வேலை என்பதால் எத்தனை நாள் ஓய்வு வேண்டும் என்பதை வள்ளியூர் அண்ணாச்சி சொன்னால் உதவியாக இருக்கும்.