புதுப்பிப்பு: அப்பாவின் .32 கைத்துப்பாக்கி, ஏற்காடு

அப்பா காலமான பின் அவருடைய .32 கைத்துப்பாக்கியை என் பெயருக்கு மாற்றுவது எப்படி, வெற்றுத் தோட்டாக் கூடுகளில் நாமே வெடிமருந்து நிரப்பலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

பலித்தது காப்பித் தோட்டக்கார அண்ணன் சொன்ன வழிதான்: முதலில் துப்பாக்கியையும் தோட்டாக்களையும் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குவது, மற்றதெல்லாம் பிறகு. வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ், தங்கையிடம் ஆட்சேபனை இல்லை என்ற கடிதம், ஏ-1 படிவம் (ஆயுத உரிமத்துக்கான விண்ணப்பம்), துப்பாக்கிப் பயிற்சிச் சான்று ஆகியவற்றுடன் விண்ணப்பித்தேன். உரிமம் வந்துவிட்டது. அதிகம் இழுத்தடித்தது பயிற்சிச் சான்றுதான். அதை முதலிலேயே தேடிக்கொள்ளுங்கள்.

எதிர்பாராதது ஒன்று. என்னிடம் ஏற்கெனவே இரண்டு வேட்டைத் துப்பாக்கிகள் உண்டு. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிகள்தான், முன்பு மூன்று. பரம்பரைச் சொத்து என்றாலும் விலக்கில்லை. ஒற்றைக்குழல் துப்பாக்கியை உரிமம் பெற்ற வியாபாரியிடம் விற்றேன். மனமே வரவில்லை.

மருந்து நிரப்பும் யோசனையைக் கைவிட்டேன். ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 5-இன்படி தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்திருப்பதற்கான உரிமம் அதற்குச் செல்லாது. உரிமத்தில் குறித்த அளவுக்குள் கடையில் வாங்கிக்கொள்கிறேன்.