24 வயது லிரிக் சொப்ரானோ: பட்டர்ஃபிளை பாடலாமா?

ஆலாபனை:
மாணவிக்கு வயது 24, மெல்லிய லிரிக் சொப்ரானோ (மேல்ஸ்தாயிப் பெண்குரல்) சாரீரம். ஜெர்மன் தியேட்டர்களில் ஓபரா ஸ்டூடியோ (இளம் பாடகர்களுக்கான பயிற்சிப் பிரிவு) இடங்களுக்கு ஆடிஷன் கொடுக்கப்போகிறார். அதற்குள் ஒரு சிறிய குழு புச்சினியின் ஓபரா 'மடாமா பட்டர்ஃபிளை'யில் நாயகி வேடத்துக்கே கூப்பிடுகிறது. மேல் ஸி ஸ்வரம் சுலபமாகப் பேசுகிறது, பாடிவிடலாம் என்கிறார். அனுப்பலாமா? ஆடிஷனுக்கு எந்த ஆரியாக்கள் (ஓபராவில் வரும் தனிப்பாடல்கள்) எடுபடும்?

கமகம்:
அனுப்பாதீர்கள். மேல் ஸி பேசுகிறதா என்பது இங்கே பிரச்சினையே இல்லை. நாயகி நுழையும்போது வரும் மேல் டி ஃபிளாட்டைக்கூடப் பாடாமல் விடலாம், புச்சினியே மாற்று எழுதிவைத்திருக்கிறார். நடு ஸ்தாயிதான் ஆளைச் சாய்க்கும். வயலின்கள் அதே மெட்டைக் கூடவே வாசிக்கும். அதை மீறிக் கேட்க வேண்டும். நுழைந்தபின் கடைசிவரை ஓய்வும் அநேகமாகக் கிடையாது. இளம் குரல் அப்போது நெஞ்சுக்குரலை (கீழ்ஸ்தாயியின் கனத்த குரலை) மேலே இழுக்கும். முதலில் பறிபோவது மேல்ஸ்தாயியில் மெதுவாகப் பாடும் திறன். ஒத்திகைக்கு மறுநாள் காலை மேல் ஜி-யை மிக மென்மையாகத் தொடச் சொல்லுங்கள். காற்று முன்னால் வந்து நாதம் பின்னால் வந்தால் குரல்நாண் வீங்கியிருக்கலாம். அன்று பாட்டு வேண்டாம்.

இத்தாலிய சொப்ரானோ மிரெல்லா ஃப்ரேனி 1955-ல் மோதெனாவில் 'கார்மென்' ஓபராவின் மிக்காயேலாவாக அறிமுகமானவர். பட்டர்ஃபிளையை ரெகார்டிங்கில் பாடினார், படத்தில் நடித்தார், மேடையில் மட்டும் பாடவே இல்லை. மைக் முன்னால் பாடுவது வேறு கணக்கு.

பக்கவாத்தியம்:
ஆரியா விஷயம். ஐந்து போதும்: இத்தாலியன், ஜெர்மன், பிரெஞ்சு மூன்றும் இருக்கட்டும், மொஸார்ட் கட்டாயம். மொஸார்ட்டின் 'ஃபிகரோ' ஓபராவில் சூசன்னா பாடும் 'டே வியேனி'யில் பின்னணி மெல்லியது. ஆனால் கீழ் ஏ வரை இறங்கும், அங்கே அழுத்தினால் மாட்டிக்கொள்வார். ஜெர்மனுக்கு வேபரின் 'ஃப்ரைஷூட்ஸ்' ஓபராவில் என்ஷென் பாடும் ஆரியா, பிரெஞ்சுக்கு கூனோவின் 'ரோமியோ ஜூலியட்'டில் ஜூலியட்டின் வால்ட்ஸ். மொஸார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' ஓபராவில் வரும் பாமினாவின் ஆரியாவைப் பட்டியலில் வைக்கலாம், முதலில் பாட வேண்டாம். படபடப்பில் மூச்சு குறையும், பி ஃபிளாட்டுக்கு ஏறும் அந்த நீண்ட வரியில் அது அப்பட்டமாகத் தெரியும். முதல் ஆரியாதான் பாடகர் தேர்வு, அடுத்ததை அவர்கள் கேட்பார்கள். ஆகவே காலை 10 மணிக்குப் பாட வராத எதையும் எழுதிக்கொடுக்கக் கூடாது.

பியானிஸ்டுக்கு ஸ்கோரை இருபக்கமும் அச்சிட்டு ரிங் ஃபைலில் கொடுங்கள். உதிரித் தாள் ஏசி காற்றில் பறக்கும். வெட்டுகளை (பாடாமல் விடும் பகுதிகளை) பென்சிலில் தெளிவாகக் குறியுங்கள். வேகத்தைச் சொடக்குப் போட்டுக் காட்டாமல், கடினமான இரண்டு பாரை (தாளக் கட்டத்தை) முணுமுணுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஆலாபனை:
நன்றி, பட்டர்ஃபிளையை மறுத்துவிடச் சொல்கிறேன். ஏஜென்ட் இல்லாமல் நுழைய வழி உண்டா?

கமகம்:
உண்டு. ஜெர்மன் அரசு வேலைவாய்ப்புத் துறையில் கலைஞர்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. பாட்டைக் கேட்டுப் பிடித்திருந்தால் தியேட்டர்களுக்குப் பரிந்துரைப்பார்கள், பாடகரிடம் கட்டணம் வாங்குவதில்லை. ஸ்டூடியோவில் பார்பரீனா, பாபகேனா மாதிரி சின்ன வேடங்கள்தான் வரும், வாங்கிக்கொள்ளட்டும். பின்னால் ஃபெஸ்ட் ஒப்பந்தம் (ஒரு தியேட்டரில் சீசன் முழுவதும் மாதச் சம்பள வேலை) கிடைத்தால் எந்தக் குரல்வகை என்று அதில் எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் எந்த வேடமும் தலையில் விழும். இன்னொன்று, சீசன் முடிவில் விலக நினைத்தால் முந்தைய அக்டோபர் 31-க்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தவறினால் இன்னொரு சீசன் தானாக நீண்டுவிடும்.